இடது விளக்கில் ஒரு முழம் பூ

யானைக்கல் திருப்பத்தில் அன்று காலை பதினேழு பானைகள் உடைந்தன.

யாரும் வேண்டுமென்று உடைக்கவில்லை. சேக் இஸ்மாயில் ஓட்டிவந்த குட்டி லாரி வைகைப் பாலத்தைத் தாண்டி, வலப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. திரும்பும்போதே முன்சக்கரம் தடதடவென்று ஆடியது. ஸ்டேரிங் வளையம் அவர் கையை உதறிவிடப் பார்த்தது. அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார். லாரி நின்றுவிட்டது. ஆனால் நிற்பதற்கு முன்னால், ஓரமாக நின்றிருந்த பானை வண்டியை லேசாக ஓர் இடி இடித்துவிட்டது.

லேசான இடியா பலமான இடியா என்று பானைக்குத் தெரியுமா? மொத்தமும் சரிந்துவிட்டது.

லாரியில் அத்தாவின், அதாவது அப்பா இஸ்மாயிலின், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்ருன்னிசா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பக்ருவுக்குப் பத்து வயது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் தினமும் விடியற்காலையில் அத்தாவோடு அவளும் லாரியில் கிளம்பிவிடுவாள். அலங்காநல்லூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகைப் பூவை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு, பூ மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, பிறகு அத்தா அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். மோட்டார் வண்டியைக் கண்டால் தெருப்பிள்ளைகள் பின்னாலேயே ஓடிய காலம் அது. லாரியில் வந்து இறங்குகிற ஒரே பிள்ளை பக்ருதான்.

கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் கூட்டம் கூடியிருந்தது. பானை வண்டிக்காரர் சின்னக்கருப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. பானைக்கு உள்ளதை நான் குடுத்துடறேன்" என்றார் அத்தா.

"பானை கிடக்கட்டும் பாய். மண்ணுதானே, மறுபடியும் செஞ்சுக்கலாம். இந்தா, இந்த இடத்துல என் பேரன் நின்னுக்கிட்டு இருந்தான். இப்பத்தான் தண்ணி குடிக்கப் போனான்" என்றார் அவர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கூட்டத்தில் யாரோ மெல்லச் சொன்னார்கள். "பாவம், சம்சாரம் தவறினதுலருந்து பாய்க்குக் கை நடுங்குதாம். எல்லாரும் சொல்றாய்ங்க."

அத்தா 'இல்லை' என்று சொல்வார் என்று பக்ரு எதிர்பார்த்தாள். அவரோ தன் இரண்டு கைகளையும் விரித்து, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். 

*

லாரியின் முதலாளி சௌந்தரராஜன். சுங்குடிச் சேலை வியாபாரி. காலையில் பூ மூட்டை, பகலில் சேலை மூட்டை என்று அந்த லாரிக்கு ஓய்வே கிடையாது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பக்ரு அவர்மீது கோபமாவது பட்டிருப்பாள்.

"பாய், இது நாலாவது தடவை. சிம்மக்கல்லுல ஒரு தடவை, மார்க்கெட் வாசல்ல ரெண்டு தடவை, இப்ப இது. நான் ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டார்.

"இல்ல முதலாளி."

"வண்டியிலதான் கோளாறோன்னு பட்டறைக்கு அனுப்பினேன். உக்கிரபாண்டி என்ன சொன்னாரு?"

"ஸ்டேரிங் கம்பி, டயர், காத்து எல்லாம் சரியா இருக்குன்னாரு."

"அப்புறம் என்னதான் செய்ய? இன்னிக்குப் பானை. நாளைக்கு ஒரு பிள்ளைன்னா அல்லா முன்னாடி நீங்களும் நிக்க முடியாது, மீனாட்சி முன்னாடி நானும் நிக்க முடியாது." முதலாளி கணக்கு நோட்டை மூடினார். "திங்கட்கிழமையிலருந்து வேற டிரைவர் வாராரு. நீங்க சரக்குக் கிட்டங்கியில மூட்டைகளைப் பார்த்துக்கங்க. சம்பளத்தைக் கொறைக்க மாட்டேன்."

"சரிங்க முதலாளி" என்றார் அத்தா.

பக்ரு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினான்கு வருடமாக அவர் பிடித்த ஸ்டேரிங் அது. அந்த லாரியின் இருமலை வைத்தே அதற்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு ஒரு 'சரிங்க' போதுமாயிருந்தது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "ஏன் அத்தா சண்டை போடல?"

"எதை வச்சு சண்டை போடுறது தாயி? உங்கம்மா போனதுலருந்து இந்தக் கை எஞ்சொல்லு கேக்க மாட்டேங்குது. திருப்பத்துல வந்ததும் அவ நெனப்பு வந்துருது. கை ஆடுது." அவர் லாரிக்கு முன்னால் குனிந்து ஹேண்டிலைச் சுற்றினார். லாரி இருமிக்கொண்டு கிளம்பியது.

*

அம்மா மைதீன் பீவி போன மாசியில் காய்ச்சலில் படுத்தாள். எட்டாம் நாள் இறந்துபோனாள். இப்போது வைகாசி. மூன்று மாதமாகக் கோரிப்பாளையத்துச் சந்துக்குள் அந்த ஒற்றை அறை வீடு சத்தமே இல்லாமல் கிடந்தது.

அம்மா இருந்தபோது அப்படி இல்லை. அவள் அந்த லாரியைத் தன் மூத்த மகள் என்றுதான் சொல்லுவாள். சாயங்காலம் சந்து முனையில் 'பாம் பாம்' என்று சத்தம் கேட்டதும், "பெரியவ வந்துட்டாடி. சின்னவளே, போயிக் கதவைத் தெற" என்பாள். பக்ருவும் லாரியை 'அக்கா' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள்.

அத்தா இறங்கும்போது கையில் எப்போதும் ஒரு முழம் மல்லிகை இருக்கும். பாலத்து முனையில் பூ விற்கும் இருளாயி, வாழைநாரில் நெருக்கமாகக் கட்டி, இடையிடையே மரிக்கொழுந்து வைத்துக் கொடுப்பாள். மரிக்கொழுந்து இல்லாத பூவை அம்மா பூவென்றே ஒத்துக்கொள்ள மாட்டாள். தன் தலையில் வைத்துக்கொண்டு, நுனியில் ஒரு சாண் கிள்ளிப் பக்ருவின் பின்னலில் சொருகிவிடுவாள்.

அம்மாவின் நாற்பதாம் நாள் முடிந்த மறுநாள்தான் அத்தா மறுபடியும் வேலைக்குப் போய்ப் பாலத்து வழியாக வந்தார். பழக்கத்தில் கையை நீட்டினார். இருளாயியும் பழக்கத்தில் பூவை அளந்துவிட்டாள். பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது. இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தா பூவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பக்ருவிடம் நீட்டினார்.

"அது அம்மா பூ! எனக்கு வேண்டாம்!" என்று கத்திவிட்டுப் பக்ரு அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதாள். அழுது முடித்து வெளியே வந்தபோது அத்தா வாசலில் இல்லை. சந்து முனையில் நின்ற லாரியின் இடது விளக்குத் தண்டில் அந்தப் பூவைச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா எப்போதாவது லாரியில் வந்தால் இடப்பக்கம்தான் உட்காருவாள்.

அன்றிலிருந்து தினமும் அதேதான். சாயங்காலம் பூ வாங்குவார். விளக்கில் சுற்றுவார். பக்ரு பார்ப்பாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் சாயங்காலம் பார்த்தால் விளக்கில் பூ இருக்காது.

"அஜ்மல் பீவி வீட்டு ஆடு தின்னுட்டுப் போயிருக்கும்" என்பார் அத்தா. அந்த ஆடு காயப்போட்ட துணியைக்கூடத் தின்னும். அதனால் பக்ருவும் அப்படித்தான் நினைத்தாள்.

*

பானை உடைந்த அன்று சாயங்காலம், பக்ருவின் பாவாடை ஓரம் ஒரு சாண் கிழிந்து தொங்கியது. காலையில் லாரியிலிருந்து குதித்தபோது ஆணியில் மாட்டியிருந்தது.

"கொண்டா, தச்சுத் தாரேன்" என்றார் அத்தா. தையல் வேலை அம்மாவுடையது. மூன்று மாதமாக அதையும் அத்தாதான் செய்தார். அவர் போடும் தையல் மாட்டுவண்டிப் பாதைபோல வளைந்து வளைந்து போகும். ஆனாலும் பிரியாது.

அவர் சிம்னி விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைத் தூக்கிப் பிடித்தார். நூலை நாக்கில் தொட்டார். ஒரே தடவை. நூல் ஊசிக் காதுக்குள் போய்விட்டது.

பக்ரு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தா, அதை உருவிட்டு இன்னொரு தடவை கோத்துப் பாருங்க."

"ஏம்மா?"

"சும்மாதான்."

அவர் உருவிவிட்டு மறுபடியும் கோர்த்தார். அதே ஒரே தடவை.

"உங்க கை ஆடல அத்தா!"

அவர் ஊசியைப் பார்த்தார். "இப்ப ஆடல. வண்டியில ஏறுனா ஆடுது."

"வண்டியில ஏறுனா எப்பவுமா ஆடுது? நேரா போறப்ப ஆடலையே?"

"நேரா போறப்ப இல்ல. ஒடிச்சுத் திருப்புறப்ப."

"நம்ம சந்து முனையில திரும்புறதும் ஒடிச்சுத்தானே திருப்புறீங்க? அங்க ஒரு நாளும் ஆடலையே?"

அத்தா குனிந்துகொண்டார். பாவாடை ஓரத்தை மடித்துத் தைக்கத் தொடங்கினார். பக்ரு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். யானைக்கல்லில் ஆடுகிறது. சந்து முனையில் ஆடவில்லை. இரண்டும் திருப்பம்தான். அத்தாவுக்கு அம்மாவின் நினைவு யானைக்கல்லில் வருமாம், அம்மா வாழ்ந்த வீட்டுச் சந்தில் வராதாம். அது எப்படி?

*

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் பக்ரு சிலேட்டை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

"இன்னிக்கு எதுக்கு சிலேட்டு?"

"கணக்குப் படிக்கப் போறேன்."

சிலேட்டின் நடுவில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் 'இடது', மறு பக்கம் 'வலது' என்று எழுதினாள். லாரி ஒவ்வொரு முறை ஒடித்துத் திரும்பியபோதும் அந்தந்தப் பக்கத்தில் ஒரு கோடு. சக்கரம் ஆடினால் அந்தக் கோட்டின் மேல் ஒரு பெருக்கல் குறி. அத்தா அன்று ஆமையாக ஓட்டினார். மாட்டுவண்டிகள்கூட அவர்களை முந்திக்கொண்டு போயின. ஒரு வண்டிக்காரர், "பாய், நான் கயிறு போட்டு இழுக்கவா?" என்று கேட்டார். மற்ற நாளாக இருந்தால் அத்தா ஏதாவது பதில் சொல்லிச் சிரித்திருப்பார்.

மத்தியானம் கோரிப்பாளையம் திரும்பும்வரை இடப்பக்கம் எட்டுத் தடவை திரும்பினார்கள். எட்டும் வெறும் கோடுகள். வலப்பக்கம் ஆறு தடவை. ஆறின் தலையிலும் பெருக்கல் குறி.

பக்ரு சிலேட்டை அத்தாவின் மடியில் வைத்தாள். "பாருங்க அத்தா. அம்மா நெனப்பு வந்து கை ஆடுச்சுன்னா, ரெண்டு பக்கமும்ல ஆடணும்? வலப்பக்கம் திரும்புறப்ப மட்டுமா அம்மா நெனப்பு வரும்?"

அவர் சிலேட்டை வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்ததுபோலிருந்தது. ஆனால் உடனே போய்விட்டது.

"உக்கிரபாண்டி பார்த்துட்டு ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாரும்மா. மறுபடியும் போயி, மறுபடியும் இல்லேன்னு சொன்னா..." அவர் சிலேட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம் பக்ரு. இன்னொரு தடவை கேக்க எனக்குத் தெம்பில்ல. நான் லுஹர் தொழுதுட்டு வாரேன்."

அவர் பள்ளிவாசலுக்குள் போனார். தோள்கள் தொங்கிப்போய், அத்தா கிழவர்போல நடந்தார். அதைப் பார்க்கப் பக்ருவால் முடியவில்லை. சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பட்டறையை நோக்கி ஓடினாள்.

*

உக்கிரபாண்டியின் பட்டறை இரண்டு தெரு தள்ளி ஆற்றோரத்தில் இருந்தது. அங்கே ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"மாமா" என்றாள் பக்ரு, கால்களிடம்.

"யாரு?" என்றது பஸ்.

"பூ லாரி இஸ்மாயில் மகள். எங்க அத்தா கை ஆடல மாமா. வண்டிதான் ஆடுது."

"நான்தான் பார்த்துச் சொல்லிட்டேனே. வண்டியில ஒண்ணுமில்ல."

"நீங்க எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தீங்க?"

கால்கள் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தன. பிறகு உக்கிரபாண்டி முழுசாக வெளியே வந்தார். முறுக்கு மீசையிலும் கிரீஸ் பூசியிருந்தது.

"எந்தப் பக்கமா?" என்று யோசித்தார். பட்டறை வாசலை எட்டிப் பார்த்தார். பட்டறைக்கு எதிரே ஆற்றங்கரைச் சுவர். வெளியே போகிற எந்த வண்டியும் இடப்பக்கம்தான் திரும்ப முடியும். தெருமுனையிலும் இடப்பக்கம்தான்.

பக்ரு சிலேட்டை நீட்டினாள்.

"இதென்ன, கோலமா?"

அவள் விளக்கிச் சொன்னாள். அவர் சிலேட்டை வாங்கிக் கோடுகளை விரலால் எண்ணினார். கோட்டை அழித்துவிடாமல் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"ஊரே கை நடுங்குதுன்னுச்சு. நானும் அதைக் காதுல வாங்கிக்கிட்டே வண்டிக்கு அடியில படுத்தேன். அப்புறம் எப்படிக் கோளாறு கண்ணுல படும்?" என்றார். "நட, போவோம்."

தொழுகை முடிந்து வந்த அத்தா, லாரியில் தன் இடத்தில் உக்கிரபாண்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"மாப்ள, இன்னிக்கு நீ சவாரி. ஏறு" என்றார் அவர்.

மூவரும் தமுக்கம் மைதானத்துக்குப் போனார்கள். உக்கிரபாண்டி இடப்பக்கம் ஒடித்து ஒரு வட்டம் போட்டார். லாரி சமர்த்தாகத் திரும்பியது. பிறகு வலப்பக்கம் ஒடித்தார்.

தடதடதடதட!

ஸ்டேரிங் அவர் கையை உதறியது. முறுக்கு மீசைகூட நடுங்கியது. அவர் வண்டியை நிறுத்திவிட்டு, தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டி காலையிலகூட என்னைய நல்லாத் திட்டித்தான் அனுப்புனா. அப்புறம் எனக்கு ஏன்யா கை ஆடுது?"

பக்ரு சிரித்துவிட்டாள். அத்தா சிரிக்கவில்லை. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார்.

*

பட்டறையில் லாரியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். சொல்லி அனுப்பியதில் முதலாளி சௌந்தரராஜனும் ஜட்காவில் வந்து இறங்கினார்.

உக்கிரபாண்டி இடது முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். விழப்போகிற பல்லைப்போல அது லொடலொடத்தது.

"இதுதான்! வண்டி வலப்பக்கம் திரும்புறப்ப பாரம் பூராவும் இடது சக்கரத்துல சாயும். லூசா இருக்கிற சக்கரம் அம்புட்டுப் பாரத்தைத் தாங்குமா? அதான் உதறுது. இடப்பக்கம் திரும்புனா பாரம் அந்தப் பக்கம் போயிரும். இது சும்மா இருக்கும்." அவர் பக்ருவைப் பார்த்தார். "உன் சிலேட்டு சொன்னது சரிதான்."

சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே கன்னங்கரேல் என்று ஏதோ ஒரு வளையம் அச்சைச் சுற்றி இறுகிப் போயிருந்தது. கத்தி முனையால் நெம்பினார். அது கயிறுபோல நீளமாக வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"வாழைநாரு!" என்றார் முதலாளி.

"ஆமா. நாரு சுத்திச் சுத்தி இறுகி, உள்ள இருக்கிற கம்பளி வளையத்தை அறுத்துருச்சு. கிரீஸ் பூராம் ஒழுகிருச்சு. எண்ணெய்ப் பசை இல்லாம பேரிங் தேஞ்சு போச்சு." உக்கிரபாண்டி நாரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தன. "ஆனா இந்த வண்டியில மூட்டையில வாரது உதிரிப் பூவுல்ல? கட்டுன பூ எப்படிச் சக்கரத்துக்குள்ள போச்சு? எவன் கொண்டாந்து மாட்டுனான்?"

பக்ரு அந்த நாரைப் பார்த்தாள். முடிச்சுகளுக்கு நடுவில் ஒரு காய்ந்த குச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. மரிக்கொழுந்துக் குச்சி.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆடு தின்னவில்லை. விடியற்காலையில் வண்டி குலுங்கும்போது இடது விளக்கிலிருந்து ஒவ்வொரு நாள் பூவும் நழுவி, சக்கரத்தில் விழுந்து, சுற்றி, உள்ளே போயிருக்கிறது. ஐம்பது நாள் பூ. எல்லாம் அம்மாவுக்கு வாங்கிய பூ.

அத்தாவுக்கும் புரிந்துவிட்டது. அவர் பேச வாயெடுத்தார். 

பக்ரு போய் அவர் பக்கத்தில் நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க மாட்டுன பூ மாமா. எங்க அம்மாவுக்கு" என்றாள்.

 உக்கிரபாண்டி கையில் தொங்கிய நாரைக் கீழே போடவில்லை. ஒரு சுத்தமான துணியைத் தேடி எடுத்து, அதில் நாரைச் சுருட்டி வைத்து, இரண்டு கையாலும் பக்ருவிடம் கொடுத்தார்.

முதலாளி வெகுநேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா தவறினப்போ ஆறு மாசம் அவரு செருப்பை வாசல்லயே வச்சிருந்தேன். யாராவது நகர்த்துனா சண்டைக்குப் போவேன்" என்றார். பிறகு அத்தாவின் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிக்கணும் பாய். திங்கட்கிழமை வண்டியை நீங்களே எடுத்துருங்க. வர்ற ஆளுக்கு நான் வேற வேலை பார்த்துக்கறேன்."

"சரிங்க முதலாளி" என்றார் அத்தா. நேற்றுச் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இன்று அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

*

புது பேரிங், புதுக் கம்பளி வளையம், கை நிறைய கிரீஸ். சாயங்காலம் லாரி தயாராகிவிட்டது. அத்தா அதை யானைக்கல்வரை ஓட்டிப் போனார். வலப்பக்கம் ஒடித்துத் திருப்பினார். சக்கரம் மூச்சுக்கூட விடவில்லை. அதே இடத்தில் புதுப் பானைகளோடு நின்றிருந்த சின்னக்கருப்பன், லாரியைக் கண்டதும் வண்டியைப் பத்தடி நகர்த்திவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

"பாவம் அத்தா அந்த ஆடு. செய்யாத தப்புக்குத் தினமும் திட்டு வாங்குச்சு" என்றாள் பக்ரு.

"உங்க அத்தா கையும்தான்" என்றார் அவர்.

திரும்பி வரும் வழியில், பாலத்து முனையில் லாரி தானாக நின்றதுபோல நின்றது. இருளாயி ஒரு முழம் அளந்து, வாழையிலைக் கிழிசலில் வைத்துக் கொடுத்தாள். அத்தா வாங்கிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை பூ அவர் மடியில் இருந்தது.

சந்து முனையில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கினார். பழக்கத்தில் இடது விளக்கின் பக்கம் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். இனி அங்கே மாட்ட முடியாது. கையில் பூவோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அவரைப் பார்க்கப் பக்ருவுக்கு அழுகை வந்தது. அம்மா இனி வரவே மாட்டாள் என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. அத்தாவுக்கு அது தினமும் சாயங்காலம் தெரிந்திருக்கிறது. தினமும் அவர் தனியாக நின்றிருக்கிறார்.

அவள் அழுகையை விழுங்கினாள். அத்தாவின் முன்னால் போய் நின்று, முதுகைக் காட்டித் திரும்பினாள். பின்னலை எடுத்து நேராகப் போட்டுக்கொண்டாள்.

"வச்சு விடுங்க அத்தா."

 அவள் காத்திருந்தாள். பிறகு மல்லிகையும் மரிக்கொழுந்தும் கலந்த அந்த வாசனை அவள் தலைக்குப் பக்கத்தில் வந்தது. அம்மாவின் வாசனை.

ஒரே தடவையில் ஊசி கோர்க்கிற அத்தாவுக்கு, அந்தப் பூவைச் சொருக வெகுநேரம் பிடித்தது. அவர் விரல்கள் அவள் கழுத்தில் பட்டுப் பட்டு நடுங்கின. இந்த முறை உண்மையாகவே கைதான் நடுங்கியது.

பக்ரு திரும்பிப் பார்க்கவில்லை. பூ நிற்கும்வரை அவள் அசையாமல் நின்றாள்.